ஏழு குதிரை, இரண்டு வண்டி

ராத்திரி பதினொன்றரைக்கே தெரிந்துவிட்டது.
எண்ணூற்றுப் பதினாலு வாக்கில் தோற்றார் டத்தோ குணாளன்.
கைப்பேசியில் ஒரே வரி:
"எல்லாத்தையும் கிழிச்சிப் போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா."

ஜெலுத்தோங்கில், பல் டாக்டருக்கு மேல்மாடி
எங்கள் சேவை மையம்.
வாடகை மாநிலப் பணம். ஜெயிக்கிறவருக்குப் போகும் இடம்.
பன்னிரண்டு வருஷம் அங்கே நான் கிராணி.
காகிதம் கிழிக்கும் இயந்திரம் மட்டும் புதுசு,
போன வாரம்தான்
யாரும் கேட்காமலே வந்திருந்தது.

கீழே ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள் ஜெயித்தவர்கள்.
விளக்குக் கம்பங்களில் எங்கள் கொடிகள்
நேற்று மாதிரியே ஆடின;
துணிக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

மேசைமேல் என் பாடப் புத்தகம்.
நாற்பத்தொரு வயதில் ஞாயிற்றுக்கிழமைப் பட்டப்படிப்பு,
மூன்றாம் தாள், அமெரிக்கா, ஆயிரத்து எண்ணூறு.
கட்சி என்பதே நாட்டுக்கு நோய் என்றவர்கள்
இரண்டு கட்சியாகப் பிரிந்து
பத்திரிகையில் ஒருவரை ஒருவர் நாறடித்தார்கள்.
எதிராளி வந்தால் வேதப் புத்தகத்தைக் கிணற்றில்தான்
ஒளிக்கணும் என்று பயந்தார்களாம் சிலர்.
கடைசியில் ஜெயித்த பக்கத்திலேயே இருவருக்குச் சமவாக்கு;
முப்பத்தாறாவது வாக்கெடுப்பில்தான் முடிச்சு அவிழ்ந்தது.

தோற்றவர் பதவியேற்புக்கு நிற்கவில்லை.
விடிகாலை நாலு மணி வண்டியில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.
ஆனால் வருகிறவருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம்:
லாயத்தில் ஏழு குதிரை, இரண்டு வண்டி, சேணத்தோடு.
அரசாங்கச் சொத்து.
நீங்கள் வாங்கிச் செலவழிக்க வேண்டாம்.

பிளக்கைச் சொருகினேன்.
முதலில் சுவரொட்டிக் கணக்கு போனது.
அப்புறம் ஒரு விருந்துக் கணக்கு;
அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.
அப்புறம் கைக்கு வந்தது நீலக் கோப்பு.

மாக் ரொக்கியா, புளோக் சி, ஒன்பதாம் மாடி:
மின்தூக்கி ஓடி மூன்று மாசம்.
பச்சைமுத்து, சர்க்கரையில் ஒரு கால் போனவர்:
சக்கர நாற்காலி.
'அடுத்த வாரம்' என்று ஐந்து இடத்தில்
என் கையெழுத்து.
முனியாயி, ஐம்பத்தெட்டு வயசு,
பிறந்தது இங்கே, அடையாள அட்டை சிவப்பு.
அவள் யாரையும் ஜெயிக்கவைத்ததில்லை,
தோற்கடித்ததும் இல்லை.

இயந்திரம் வாயைத் திறந்தபடி
முனகிக்கொண்டிருந்தது.
பிளக்கைப் பிடுங்கினேன்.

நாலு மணி. குப்பை லாரி சந்தில் பின்வாங்கும் சத்தம்.
பட்டியல் எழுதினேன்.
பிளாஸ்டிக் நாற்காலி முப்பத்து நாலு, ஒன்றில் விரிசல்.
மின்விசிறி இரண்டு, இடப்பக்கத்தது கத்தும்.
நீலக் கோப்பு ஒன்று, இருநூற்றுப் பதினோரு மனு.
'குதிரை இல்லை' என்றும் எழுதி,
அடித்துவிட்டேன்.

பத்து மணிக்கு வந்தாள் செக் ஹூன்,
ஜெயித்தவரின் ஆள். இருபத்தாறு வயசிருக்கும்,
கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை.
கையில் பொட்டலக் கொப்பி.
பின்னால், பெட்டியோடு ஒரு பூட்டுக்காரர்.

நான் சாவியை நீட்டினேன்.
அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை,
கொப்பியை என்னிடம் தந்துவிட்டுச் சாவியை வாங்கினாள்.
பூட்டுக்காரர் பல் டாக்டரின் விலைப்பட்டியலை
முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத்
திருப்பணும்" என்றேன் மலாயில்.
நீலக் கோப்பைத் திறந்து நின்றபடியே படித்தாள்.
மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்தாள்,
விரிசல் நாற்காலியில்.
நான் சொல்லவில்லை. அதுவும் உண்மைதான்.

திங்கட்கிழமை டத்தோ கேட்டார்: கிழிச்சிட்டியா?
கிழிச்சிட்டேன் டத்தோ.

புதன்கிழமை அவள் கூப்பிட்டாள்.
பச்சைமுத்து வந்து படிக்கட்டடியில் நிற்கிறாராம்,
கதவு திறக்கவில்லையாம்.
தூக்கினாயா?
தூக்கினேன்.
இன்னும் கொஞ்சம்.